ஆறு டிகிரியில் விழும் இறக்கை

பிரிக்பீல்ட்ஸ்
4 மார்ச் 2025, செவ்வாய் இரவு

கௌசி அக்கா,

ஜனகாதான். என் எழுத்து உனக்கு மறந்திருக்காது. நீ வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. போகும்போது என் அறைக் கதவைக்கூடத் தட்டவில்லை. அதற்காகச் சண்டை போட இதை எழுதவில்லை. ஓர் இறக்கைக் கணக்கு எனக்கு வரமாட்டேன் என்கிறது. நம் வீட்டில் விமானம் ஓட்டப் படித்தவள் நீ ஒருத்திதான்.

பள்ளி அறிவியல் போட்டிக்காக நுரைப்பலகையில் ஓர் இறக்கை செய்திருக்கிறேன். மேலும் கீழும் ஒரே வளைவு. ஒரு கம்பியில் குத்தி, சமையலறைத் தராசின் மேல் நிறுத்தி, மேசை விசிறியால் காற்று அடிக்கிறேன். இறக்கை மேலே தூக்கினால் தராசு அத்தனை கிராம் குறைத்துக் காட்டும். அதுதான் தூக்குவிசை. இறக்கையின் முன்விளிம்பை உயர்த்த உயர்த்தத் தூக்குவிசை கூடும், சுமார் பதினைந்து டிகிரிக்கு மேல் காற்று இறக்கையின் முதுகில் ஒட்டாமல் பிய்ந்துபோய்த் திடீரென்று விழும், அதற்கு ஸ்டால் என்று பெயர், என்று புத்தகம் சொல்கிறது. என் இறக்கை ஆறு டிகிரியிலேயே விழுகிறது. அதைவிட மோசம், பூஜ்யம் டிகிரியில் படுத்திருக்கும்போதே பதினான்கு கிராம் தூக்குகிறது. ஒன்பது முறை செய்து பார்த்துவிட்டேன்.

செய்ய நேரம் நிறைய இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் அப்பா சாப்பாட்டு நேரத்தில் ஆபீசிலிருந்து வந்து, என்னை உள்ளே விட்டு, கிரில் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறார். ஆறே முக்காலுக்குத்தான் திறப்பார். நீ போன வாரமே என் போனை எடுத்துவிட்டார். "ஒருத்தியை வெளிய விட்டுப் பாத்தாச்சு. போதும்" என்றார்.

போன வியாழக்கிழமை மூன்றாம் மாடியில் புகை வந்தது. யாரோ சோற்றுப்பானையை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு கிரில் அருகே உட்கார்ந்து ஆள் கூப்பிட்டேன். நம் மாடியில் யாரும் இல்லை. அப்பாவிடம் சொன்னதற்கு, "ரைஸ் குக்கர்தானே லா" என்றார். இப்போது நோன்பு மாதம். கீழே நோன்புக் கடைகள் போடும் பாசாரில் தினமும் நாலு மணிக்குக் கோழி சுடத் தொடங்குகிறார்கள். எது எந்தப் புகை என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மார்க்கிரட் ஆன்டி கிள்ளானில் பல் கிளினிக்கில்தான் இன்னும் வேலை செய்கிறார். தினமும் கொம்யூட்டர் ரயிலில் போகிறார். உன்னை அங்கே பார்த்ததாக அவர்தான் சொன்னார். இதை அவர் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொடுக்கிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உனக்குத் தெரியும். அப்பா ஆங்கிலமும் மலாயும் ஒரு பார்வையில் படித்துவிடுவார். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும்.

குளியலறை விளக்கில் எழுதுகிறேன். அவர் இருமுகிறார். நிறுத்துகிறேன்.

ஜனகா

•

கிள்ளான்
7 மார்ச், வெள்ளி

ஜனா,

மார்க்கிரட் ஆன்டி கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "நான் என்ன உங்க வீட்டுப் போஸ்ட்மேனா?" என்று கேட்டார். பிறகு அவரே, "பதில் வெள்ளிக்கிழமைக்குள்ள குடு, சனி நான் ஹாஃப் டே" என்றார்.

எட்டு மாதம் கழித்து நீ எழுதியதில் முதல் பக்கம் இறக்கை, இரண்டாம் பக்கம் புகை. உன்னை எனக்குத் தெரியும். பயந்தால் முதலில் பாடத்தைப் பேசுவாய்.

இறக்கைக்குப் பதில்: விசிறியின் தலையைப் பார். பின்னால் இருக்கும் திருகு உடைந்தது, நான் இருக்கும்போதே அப்படித்தான். தலை மல்லாந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கும். பூ கட்டும் நூலைத் துண்டு துண்டாக வெட்டி இறக்கையின் முதுகில் ஒட்டிக்கொள். காற்று ஒட்டி ஓடும்வரை நூல் படிந்து கிடக்கும், பிய்ந்ததும் துள்ளும். விசிறிக்கு முன்னால் ஒரு நூலைத் தொங்கவிட்டு அது எந்தப் பக்கம் பறக்கிறது என்றும் பார்.

பூட்டுக்குப் பதில்: நான் இப்போது காப்பார் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கணக்கெடுக்கும் வேலை பார்க்கிறேன். பெட்டிகளின் இரும்பு சீல்களை வெட்ட இங்கே ஒரு கத்தரி இருக்கிறது, கை நீளத்துக்கு. விரல் தடிமன் இரும்பையும் வெட்டும். ஒரு வார்த்தை சொல்.

அடுத்த முறை புகை வந்தால் சன்னல் கம்பியில் சிவப்புத் துணி கட்டு, தரையில் படுத்துக்கொள், கத்து. தீயணைக்கும் பொம்பாவின் எண்ணை மார்க்கிரட் ஆன்டியிடம் கொடுத்திருக்கிறேன். அவர் பகலில் கிள்ளானில் இருக்கிறார் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

கௌசலா

•

பிரிக்பீல்ட்ஸ்
11 மார்ச், செவ்வாய் இரவு

அக்கா,

விசிறிதான். முன்னால் கட்டிய நூல் மேசையோடு படுத்துப் பறக்கவில்லை, கூரையைப் பார்த்துப் பறந்தது. கோணமானியை வைத்துப் பார்த்தேன். பத்து டிகிரி. காற்று கீழேயிருந்து வருகிறது. நான் பூஜ்யம் என்று எழுதியது இறக்கைக்குப் பத்து, ஆறு என்று எழுதியது பதினாறு. புத்தகம் சரி, இறக்கை சரி, நான்தான் தவறு.

ஏன் தவறினேன் என்றும் தெரியும். அப்பாவின் மஞ்சள் ரசமட்டத்தை வைத்து மேசையை மட்டம் பார்த்தேன், இறக்கையை மட்டம் பார்த்தேன். நமக்கு எழுதப்படிக்கத் தெரிவதற்கு முன்னாலேயே அந்தக் கட்டையைக் கையில் கொடுத்துவிட்டாரே. "குமிழி நடுவுல நிக்குதா? அப்ப எல்லாம் சரி." நில அளவை ஆபீசில் முப்பது வருடமாக வேலை செய்பவர் வீட்டில் வேறு எதை வைத்து அளக்கத் தோன்றும்? குமிழி நடுவில்தான் நின்றது. காற்று எங்கேயிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு நீ எப்படி ஒரே வரியில் கண்டுபிடித்தாய்? உடைந்த திருகு ஞாபகம் இருந்தால் மட்டும் போதாது. விமானப் பள்ளியிலிருந்து உன்னை ஏன் அனுப்பினார்கள் என்று நீ யாருக்கும் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம், அனுப்பப்பட்ட பிறகும் நாலு மாதம் நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனாய் என்பதுதான். அதையும் கந்தசாமி கோவிலில் வேறு யாரோ சொல்லி அறிந்தார். எனக்காவது சொல்லேன்.

இன்னொன்று. பெருநாள் விடுமுறை வருகிறது. பத்து நாள். சனி ஞாயிறு போக அப்பாவுக்கு இரண்டு நாள்தான் லீவு. மற்ற நாளெல்லாம் காலை ஏழரையிலிருந்து மாலைவரை நான் உள்ளே. அந்தக் கத்தரி நிஜமாகவே வெட்டுமா?

ஜனகா

•

கிள்ளான்
14 மார்ச், வெள்ளி

ஜனா,

வெட்டும். அடுத்த செவ்வாய் மத்தியானம் மூன்று மணிக்கு வருகிறேன். இரண்டு செட் துணி, அடையாள அட்டை, புத்தகம். என் அறையில் மெத்தை ஒன்றுதான், சமாளிக்கலாம். அப்பாவுக்கு ஒன்றும் எழுதி வைக்காதே, நான் போன் செய்து சொல்லிக்கொள்கிறேன்.

நீ கேட்ட மற்றதைப் பற்றிப் பேச வேண்டாம்.

கௌசலா

•

பிரிக்பீல்ட்ஸ்
18 மார்ச், செவ்வாய் இரவு

அக்கா,

நீ படி இறங்கிப் போகும்போது அந்தக் கத்தரி ஒவ்வொரு படியிலும் இடித்த சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

பையை நான் கட்டித்தான் வைத்திருந்தேன். மூன்று மணிக்கு உன் முகத்தைக் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்தபோது அழுகை வந்தது நிஜம். நீ மெலிந்திருக்கிறாய். கத்தரியின் வாயைப் பூட்டில் வைத்து நீ அழுத்தத் தொடங்கியதும் என் கைகள் இரண்டும் கிரிலைப் பிடித்து உள்பக்கம் இழுத்தன. நான் முடிவு செய்யவில்லை. "கைய எடு, நசுங்கிடும்" என்று நீ சொன்னாய். "எடுடி." எடுக்க வரவில்லை. "உனக்கு உள்ள இருக்கத்தான் புடிக்குது, அப்பாவோட ரசமட்டம் மாதிரி பெட்டிக்குள்ளயே கிட" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

பிடித்துத்தான் உள்ளே இருக்கிறேன் என்று நினைக்காதே. வெட்டினால் அப்பா ஆறே முக்காலுக்கு வந்து திறந்த கதவைப் பார்ப்பார். அந்த முகத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், நீ போன அன்று. நீ பார்க்கவில்லை. நீதான் போய்விட்டாயே. அன்று இரவு முழுக்க அவர் கூடத்து நாற்காலியில் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள்தான் பூட்டு வாங்கினார்.

இன்று பூட்டின் மேல் இரண்டு கீறலைப் பார்த்துவிட்டார். கீழே காவல்காரரும் சொல்லியிருக்கிறார், "பெரிய பிள்ளை வந்துச்சு பாஸ்." அப்பா திரும்ப வெளியே போய், என் உள்ளங்கை அளவில் ஒரு பித்தளைப் பூட்டோடு வந்தார்.

மார்க்கிரட் ஆன்டி பயப்படுகிறார். "உங்கப்பா மூஞ்சியில எப்படி முழிப்பேன் நானு" என்கிறார். இன்னும் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் கொண்டு வருவார். கோபமாக இருந்தாலும் ஒரு வரி எழுது.

ஜனகா

•

கிள்ளான்
21 மார்ச், வெள்ளி

ஜனா,

ரசமட்டம் என்று சொன்னதற்கு மன்னித்துவிடு. கொம்யூட்டரில் திரும்பி வரும்போது ஷா ஆலம் வரைக்கும் உன்மேல் கோபமாக இருந்தேன். அதற்குப் பிறகு உன் கைகள்தான் நினைவில் நின்றன. கம்பியைப் பிடித்து, விரல் முட்டி வெளுத்து, உள்ளே இழுத்த அந்தக் கைகளை எனக்குத் தெரியும். அவை என்னுடையவை. அதனால் நீ கேட்டதை எழுதுகிறேன்.

தரையிறங்குவதை முதலில் மூவாயிரம் அடி உயரத்தில், வெறும் ஆகாயத்தில் பழக்குவார்கள். எஞ்சினைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, மெல்ல இறங்க வேண்டும். நான் சன்னலுக்கு வெளியே அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானத்தின் மூக்கு அடிவானத்தோடு மட்டமாக நின்றது. குமிழி நடுவில். அப்ப எல்லாம் சரி.

சரியில்லை. விமானம் மட்டமாக நின்றபடியே கீழே போய்க்கொண்டிருந்தது. கீழே போகிற விமானத்துக்குக் காற்று கீழேயிருந்துதான் வரும், உன் விசிறி மாதிரி. மூக்கு ஆகாயத்தைப் பார்த்தால்தான் ஸ்டால் ஆகும் என்று நான் நம்பியிருந்தேன். எச்சரிக்கை மணி அடித்தது. மூக்கு மட்டமாகத்தானே இருக்கிறது, இது எதற்கு அடிக்கிறது என்று நினைத்தேன். மூக்கு லேசாகத் தாழ்ந்தது. தாழக்கூடாதென்று ஓட்டும் பிடியை இழுத்தேன். இடது இறக்கை விழுந்தது. இரண்டு கையாலும் நெஞ்சுவரை இழுத்தேன்.

விழும்போது இழுத்தால் கோணம் இன்னும் கூடும், இன்னும் விழும். செய்ய வேண்டியது நேர் எதிர். மூக்கைக் கீழே விட வேண்டும், தரையைப் பார்த்து. கொஞ்சம் உயரம் போகும், போகட்டும். காற்று மறுபடி இறக்கையில் ஒட்டும், அப்புறம்தான் தூக்க முடியும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். எழுத்துப் பரீட்சையில் தொண்ணூற்று நாலு. ஆசிரியர் "விடு, விடு" என்று கத்தினார். என் கை விடவில்லை. அவர்தான் தன் பக்கத்துப் பிடியைத் தள்ளிச் சரி செய்தார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடியிலிருந்து எடுத்துவிட்டார், குழந்தை கையிலிருந்து எதையோ வாங்குவதுபோல.

இன்னும் இரண்டு முறை வாய்ப்புக் கொடுத்தார்கள். இரண்டு முறையும் இழுத்தேன். அனுப்பிவிட்டார்கள். நியாயம்தான்.

அப்பா கோவிலில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். எப்படிச் சொல்வேன்? வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன். திங்கள் காலை கிளம்பி, கிள்ளானில் வந்து இறங்கி, வேலை தேடினேன். வெள்ளி மாலை வீட்டுக்கு வந்து, "இன்னைக்குக் காற்று நல்லா இருந்துச்சுப்பா" என்றேன். நாலு மாதம். அவர் என்னை வெளியே போகச் சொன்னபோது உன் கதவைத் தட்டாததற்கும் காரணம் அதுதான். நீ என்னைப் பார்த்து "ஏன்" என்று கேட்டிருப்பாய்.

அப்பாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. பொய் சொன்னேன் என்றுதான் தெரியும். பயந்தேன் என்று தெரியாது.

இதைக் கிழித்துவிடு.

கௌசி

•

பிரிக்பீல்ட்ஸ்
28 மார்ச், வெள்ளி

அக்கா,

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. தமிழ்ப் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருந்தேன், அதை அவர் திறக்கமாட்டார் என்று. நேற்று இரவு பார்த்தேன். இல்லை.

அப்பாதான் எடுத்திருக்க வேண்டும். இன்று விடுமுறையின் முதல் நாள். காலை ஏழரைக்குப் பூட்டிக்கொண்டு போனார். புதுப் பூட்டின் சத்தம் பழையதைவிடக் கனம். மத்தியானம் புகை வாடை வந்தது, எங்கேயிருந்து என்று தெரியவில்லை. சிவப்புத் துணியைக் கட்டினேன், அரை மணி கழித்து அவிழ்த்தேன். இதை ஆன்டி கம்பி வழியாக வாங்கிக்கொள்கிறார். மன்னித்துவிடு.

ஜனகா

•

கிள்ளான்
29 மார்ச், சனி

ஜனா,

முழுவதையும் படித்தாரா? எழுத்துக்கூட்டியா? மூன்று பக்கம் இருந்ததே.

நான் வரட்டுமா? கத்தரி இல்லாமல். ஆன்டியிடம் சொல்லி அனுப்பு. ஆனால் நாளையிலிருந்து பெருநாள் முடியும்வரை ஆன்டி லீவாம். அதுவரை என்ன செய்யப் போகிறாய்? நான் என்ன செய்யப் போகிறேன்?

கௌசி

•

பிரிக்பீல்ட்ஸ்
3 ஏப்ரல், வியாழன்

அக்கா,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பெருநாள் இரண்டு நாளும் அப்பா வீட்டில் இருந்தார். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. திங்கள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. முதலில் யாரோடோ பேசுகிறார் என்று நினைத்தேன். "கொ... கொஞ்... கொஞ்சம். உ... யரம். போ... கும்." முதலாம் ஆண்டுப் பள்ளிப் பிள்ளை மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு வரிக்குப் பல நிமிடம். ஓர் இடத்தில் நின்றுவிட்டார். எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி தொடங்கினார். மத்தியானம் ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை விசிறி ஓடும் சத்தம் கேட்டது. ஓடும், நிற்கும். ஓடும், நிற்கும். என் இறக்கையைப் பிய்க்கிறார் என்று நினைத்துத் தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

நேற்றுக் காலை வெளியே வந்து பார்த்தேன். இறக்கை அப்படியே இருந்தது. விசிறியின் அடியில், பின்பக்கம், ஒரு மரக்கட்டையும் அதன்மேல் மடித்த காகிதமும் செருகியிருந்தது. விசிறி முன்னால் குனிந்து நின்றது. தொங்கிய நூலைப் பார்த்தேன். விசிறியைப் போட்டதும் மேசையோடு நேராகப் பறந்தது. அந்தக் காகிதம் உன் கடிதம். கிழியாமல், எட்டாக மடித்து, அளவுக்குத் தக்கபடி.

என் நோட்டில் என் எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலில் இன்னொரு வரிசை இருந்தது. அவர் வரைபடத்தில் எழுதும் அதே எழுத்து. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பதினைந்துவரை ஏறுகிறது. பதினாறில் விழுகிறது. பதினாறை மட்டும் ஏழு முறை அளந்திருக்கிறார். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: அளவு காற்றிலிருந்து, மேசையிலிருந்து அல்ல.

ஏழரைக்குக் கிளம்பினார். நான் கூடத்தில் நின்றேன். கிரிலை இழுத்தார், பூட்டினார். அந்தக் கனமான சத்தம் கேட்டது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. கம்பிக்குள் கையை விட்டு, செருப்பு அலமாரியின் மேல் சாவியை வைத்தார்.

"பூட்டு பூட்டியே இருக்கட்டும்" என்றார். "சாவி உள்ள இருக்கு."

"வெளிய போலாமாப்பா?"

படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கிள்ளானுக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நான் வர்றது ஆறே முக்கால்." இரண்டு படி இறங்கினார், மறுபடி ஏறி வந்தார். "ட்ரெயின் லேட்டானா யார் போன்லருந்தாவது ஆன்டி வீட்டு நம்பருக்கு அடி." அப்புறம் போய்விட்டார். நான் கிள்ளான் என்று வாயே திறக்கவில்லை, அக்கா.

நேற்று நான் எங்கேயும் போகவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை பூட்டைத் திறந்தேன், இரண்டு முறையும் பூட்டினேன். மாலையில் அவர் வந்து, நான் இருப்பதைப் பார்த்து, "போகலையா?" என்று கேட்டார். அவருக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று தெரியவில்லை. இரவு சாப்பிடும்போது மறுபடி ஒருமுறை, தட்டைப் பார்த்துக்கொண்டு, "பயந்தேன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை அது.

ஆன்டி இன்னும் லீவில் இருக்கிறார். அதனால் இதை நானே கொண்டு வருகிறேன். சென்ட்ரல் ஸ்டேஷனில் ஏறி உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும். ஷா ஆலம் தாண்டிவிட்டது. அடுத்து பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக், பிறகு கிள்ளான். கிடங்குக்கு வழியை யாரிடமாவது கேட்டுக்கொள்வேன்.

கதவைப் பூட்டியதிலிருந்து சாவி என் இடது கையில் இருக்கிறது. பையில் போட நினைக்கிறேன், கை திறக்கவில்லை. நீ இதைப் படித்து முடிக்கும்போது நான் உன் எதிரில்தான் நிற்பேன். ஒன்றும் பேசாதே. முதலில் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடு.

ஜனகா